வானொலியின் பச்சைக் கண்

பழைய மின்கருவிகளைத் தூக்கி எறிய மனம் வராத அன்பர்கள், பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்ற நல்லெண்ணத்தோடு எங்கள் பேட்டைப் படிப்பகத்துக்குக் கொடுத்தனுப்பிய மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பவற்றில் உயிருள்ளவை எவை, உயிர் கொடுக்கக்கூடியவை எவை என்று தரம் பிரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சில வாரங்கள் ஆகின்றன. நோக்கியா 3310 கைப்பேசி ஒன்று கிடந்தது. அதன் கீர்த்தி உலகறிந்தது. கேசட் பிளேயர் ஒன்று. அதன் ரப்பர் பெல்ட்டுகள் இளகிக் கரிய பிசினாகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டுப் புதிய பெல்ட் மாட்டினால் அது பாடும். சிவப்பு எண்கள் ஒளிரும் கால்குலேட்டர் ஒன்று. பாட்டரி கசிந்து தகடுகளை அரித்துவிட்டிருந்தது. இவற்றையெல்லாம் விரைவிலேயே பார்த்து முடித்தேன். பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி, தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி முத்திரை பெற்ற லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்திருந்த பிலிப்ஸ் வால்வு ரேடியோ மட்டும் அன்று முதல் என் மேஜையை விட்டு அகலவில்லை.

அதன் அங்க லட்சணங்களை விஸ்தரிப்பது அவசியமில்லை. 1950களின் தொடக்கத்தில் வந்த ரேடியோக்களோடு பரிச்சயமுள்ளவர்களுக்கு ஈ.சி.எச்.42, ஈ.எஃப்.41, ஈ.பி.சி.41, ஈ.எல்.41, ஏ.இசட்.41 என்று வால்வு வரிசையைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்கு, மத்திய அலையும் சிற்றலையும் எடுக்கும், கனத்த மரக்கூட்டுக்குள் அமைந்த, பாட்டை விடப் பேச்சை இன்னும் அழகாக ஒலிக்கும் ரேடியோ என்று சொன்னால் போதும். பிலிப்ஸ் நிறுவனத்தின் மேல் எனக்குள்ள பக்தியை மறைக்க விரும்பவில்லை. 1891-இல் ஐந்தோவன் நகரில் மின்விளக்கு செய்யத் தொடங்கி, கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை நீக்கி மூடும் வித்தையில் கைதேர்ந்த பின்பே வால்வு செய்ய வந்தவர்கள் அவர்கள். அந்தக் கைத்தேர்ச்சிக்குச் சாட்சியாக, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்த ஐந்து வால்வுகளும் பழுதின்றி எரிகின்றன.

இத்தகைய கருவி கையில் கிடைத்தவுடன் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். அதை அடக்கிக்கொள்வதே கருவிக்கும் மனிதருக்கும் க்ஷேமம். அக்காலத்து ரேடியோக்களில், யார் செய்ததாயினும், மெழுகிட்ட காகிதக் கன்டென்சர்கள் ஈரமேறிக் கசியத் தொடங்கியிருக்கும். அவற்றிலும் கடைசி வால்வின் கிரிட்டுக்கு முன்னால் நிற்பது கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துத் தானும் கெட்டு, டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடக்கூடும். ரிச்சி தெருவில் பாலியெஸ்டர் கன்டென்சர்கள் வாங்கி மாற்றி, பழைய குண்டு பல்பு ஒன்றை மின்வழியில் ரேடியோவோடு சீரிஸில் சேர்த்து, அது பிரகாசமாகாமல் மங்கியே எரிகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே முழு மின்சாரம் கொடுத்தேன். உள்ளே 250 வோல்ட் வரை உலவுகிறது. சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய கன்டென்சர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகையால் பயிற்சியில்லாத கைகள் பின்பலகையைத் திறக்கலாகாது.

வால்வுகள் சூடேறும் வரை நிசப்தம். பிறகு, பாட்டு வருவதற்குச் சற்று முன்பாகவே, நிலையங்களின் பெயர் அச்சிட்ட கண்ணாடிக்கு மேலிருந்த வட்டத் துவாரத்தில் பச்சை ஒளி ஒன்று மெல்லப் படர்ந்தது. மெக்கானிக்குகள் மேஜிக் ஐ என்று அழைக்கும் ஈ.எம்.34 வால்வு அது. இந்த ரேடியோவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அனைத்தும் அந்தக் கண்ணைப் பற்றியதே.

அமெரிக்காவில் ஆலன் டூமாண்ட் 1930களின் தொடக்கத்தில் வகுத்த சூட்சுமம் 1935-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 6ஈ5 வால்வாகக் கடைக்கு வந்தது. பிலிப்ஸின் கண் அந்த வம்சத்தில் உதித்தது. நடுவே கறுப்புத் தொப்பி, அதைச் சுற்றி எலெக்ட்ரான் பட்டால் பச்சையாக ஒளிரும் பூச்சு தடவிய கிண்ணம், இரண்டுக்கும் இடையே மெல்லிய தகடு. அந்தத் தகட்டின் வோல்ட்டேஜ் கிண்ணத்தினுடையதை விடக் குறைந்திருக்கும்போது எலெக்ட்ரான்கள் விலக்கப்பட்டு, ஒளியின் மேல் நிழல் விழுகிறது. நிலையம் ஒன்று அகப்பட்டதும் அதன் பலத்துக்குத் தக்கவாறு ரேடியோவுக்குள் உண்டாகும் எதிர்மின்னழுத்தம் கண்ணுக்குள் இருக்கும் சிறிய டிரையோடின் மின்னோட்டத்தைக் குறைக்க, தகட்டின் வோல்ட்டேஜ் உயர்ந்து கிண்ணத்தினுடையதை நெருங்க, நிழல் சுருங்குகிறது. ஈ.எம்.34-இல் இப்படி இரண்டு நிழல்கள்: ஒன்று மெலிந்த அலைக்கே அசையும் கூருணர்ச்சி உடையது, மற்றொன்று வலிய அலைக்கு மட்டும் அசைவது. தூரத்து நிலையத்தைத் தேடுகிறவன் முதல் நிழலைப் பார்க்க வேண்டும். உள்ளூர் நிலையத்தில் அது முற்றிலும் மூடிக்கொண்ட பின், இரண்டாவதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சில அங்குலக் கண்ணாடிக்குள் இவ்வளவு பரிவோடு யோசித்த பொறியாளர்களை நான் மனமார வணங்குகிறேன்.

இப்படியொரு கண் எதற்கு, காது போதாதா என்று கேட்கலாம். போதாது. நிலையத்தின் பலம் ஏறினாலும் இறங்கினாலும் பாட்டின் சத்தம் ஒரே சீராக இருக்கும்படி ரேடியோவே தன் பெருக்கத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த உபகாரத்தின் விளைவாக, முள் சரியான இடத்தில் நிற்கிறதா, சற்று விலகி நிற்கிறதா என்பதைச் சத்தத்தைக்கொண்டு நிர்ணயிக்கும் வாய்ப்பு காதுக்கு இல்லாமற் போகிறது. விலகி நின்றாலோ குரல் கரகரக்கிறது. காதிடமிருந்து மறைத்ததைக் கண்ணுக்குக் காட்டுவதே இந்த வால்வின் பணி. 1957-இல் விவித பாரதி தொடங்குவதற்கு முன்பு, திரைப்பாடல் கேட்க விரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கொழும்பைச் சிற்றலையில் தேடிய மாலைகளில், அலை தேய்ந்தும் வளர்ந்தும் வந்துகொண்டிருக்க, குமிழைத் திருப்புகிறவரின் விரல்களுக்கு வழிகாட்டியது இதுபோன்ற கண்தான்.

நான் எதிர்பாராத ஆனந்தம் ஒன்று இதில் காத்திருந்தது. பகலில் மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி கண்ணை முழுதும் மூடி, அசையாமல் நிற்கும். முள்ளை 936-க்குத் தள்ளினால், திருச்சிக்குரிய அந்த இடத்தில் நண்பகலில் இரைச்சலைத் தவிர வேறொன்றுமில்லை. நிழல் அகலத் திறந்திருக்கும். முள்ளை அங்கேயே விட்டுவிட்டுச் சூரியன் சாய்கிற வேளையில் வந்து உட்கார்ந்தால், நிழலின் ஓரம் முதலில் இலேசாகத் துடிக்கிறது, பிறகு சுருங்கி விரிகிறது, பின்னர் நெடுநேரம் சுருங்கியே நிற்கிறது. ரீங்காரத்தினடியிலிருந்து மனிதக் குரல் மேலே வருகிறது. பகலெல்லாம் சூரிய கிரணங்களால் உண்டாகி, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் நின்று மத்திய அலைகளை விழுங்கிவிடும் ‘டி’ அடுக்கு, கிரணங்கள் மறைந்ததும் கரைகிறது. அதற்கும் மேலுள்ள அடுக்குகள் அலையைத் திருப்பித் தரைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் தலைக்கு மேலே ஆகாயத்தின் ஓர் அடுக்கு கரைவதை, அது கரையும் நேரத்திலேயே, கையகலமும் இல்லாத பச்சை வட்டத்தில் பிரத்தியட்சமாகக் காண்பது வேறு அனுபவம். மேகமூட்டத்தில் அஸ்தமனம் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் இந்த நிழல் அதைத் தவறாமல் சொல்லிவிடுகிறது. படிப்பகத்துப் பிள்ளைகள் சிலரை வரவழைத்துக் காட்டினேன். அவர்களில் ஒரு சிறுமி, ‘ஐயா, மழை பெய்தால் இது மாறுமா?’ என்று கேட்டாள். மழை பெய்வது அந்த அடுக்குக்கு வெகு கீழே என்றும், மின்னல் வெட்டினால் மட்டும் கண் சட்டென்று சிமிட்டும் என்றும் சொன்னேன். அடுத்த மழைக்காக அவள் காத்திருக்கிறாள்.

ஆனந்தத்தைச் சொன்னதுபோல் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கண் அலையின் பலத்தை அறியுமே தவிர, வருவது சங்கீதமா சத்தமா என்று அறியாது. முதல் நாள் மாலை மத்திய அலை முழுவதிலும் நிழல் பாதி மூடியே இருந்தது கண்டு மகிழ்ந்து முள்ளை ஓட்டினால், ஓரிடத்திலும் நிலையம் இல்லை. எங்கும் ஒரே கொரகொரப்பு. வீட்டிலுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து வந்தபோது, கூடத்து எல்.இ.டி. பல்பை அணைத்த கணத்தில் நிழல் அகன்றது. கைப்பேசிச் சார்ஜரைப் பிடுங்கியதும் இன்னும் அகன்றது. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளுக்குள்ளும் சார்ஜர்களுக்குள்ளும் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தரும் சுற்றுகள் இருக்கின்றன. அந்த வெட்டில் எழும் சிதறல்கள் மின்கம்பி வழியே பரவி, மத்திய அலை முழுவதையும் மூடிவிடுகின்றன. அவற்றைத் தடுக்கச் சிறிய சோக்கும் கன்டென்சரும் போதும். அந்தச் சொற்பச் செலவை மிச்சப்படுத்தி, தெருவிலுள்ள அத்தனை பேருடைய ஆகாயத்தையும் அழுக்காக்கும் பல்புகள் விற்பனைக்கு வருவது எனக்குத் தீராத கோபத்தை உண்டாக்குகிறது. என் வீட்டு விளக்கை நான் அணைக்கலாம். சுவருக்கு அப்பாலுள்ளதை என்ன செய்வது? ஏரியல் கம்பியை மாடிக்குக் கொண்டுபோய், வீட்டு மின்கம்பிகளிலிருந்து தூர விலக்கிக் கட்டிய பிறகே ஓரளவு நிம்மதி கிடைத்தது. பழைய ரேடியோவுக்கு உயிர் கொடுக்க விரும்புகிறவர்கள் கன்டென்சருக்குச் செலவழிக்குமளவு கவலையை ஏரியலுக்கும் செலவழிக்க வேண்டும்.

ஆயினும் இரைச்சலை இரைச்சலின் பலத்தோடு அப்படியே காட்டுகிற இந்தக் கண்ணிடம் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. கைப்பேசியின் மூலையில் ஏறி இறங்கும் கோடுகளும் இதே பணியைச் செய்வதாகத்தான் நாம் நம்புகிறோம். ஆனால் எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. செய்பவர் வகுத்ததே கணக்கு. 2010-இல் ஐபோன் 4 வெளிவந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே பிழை என்றும், பல சமயங்களில் இரண்டு கோடுகள் அதிகமாகக் காட்டிவந்தது என்றும் ஆப்பிள் நிறுவனம் பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. ஈ.எம்.34-க்குள் சூத்திரம் எதுவும் இல்லை. ஏரியலில் விழும் அலைக்கும் நிழலின் அகலத்துக்கும் நடுவே எவருடைய விருப்பு வெறுப்பும் புக இடமில்லை.

கண்ணுக்கு ஆயுள் குறைவு என்பதே பெருங்குறை, அது இந்த வகை வால்வுகள் அனைத்துக்கும் பொதுவானது. எலெக்ட்ரான் மோதி மோதிப் பச்சைப் பூச்சு களைத்துப்போகிறது. எனக்கு வந்ததும் இருட்டறையில் அழகாகவும், பகல் வெளிச்சத்தில் தேடிப் பார்க்கும்படியாகவும் இருக்கிறது. புதியதாக இன்று யாரும் செய்வதில்லை. பழைய இருப்பிலிருந்து கிடைப்பதோ விலை அதிகம். கிண்ணத்துக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தச் சிறு சுவிட்ச் ஒன்று வைத்துவிட்டால், தேவையானபோது மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளலாம். பழம்பொருளின் அமைப்பை அணுவளவும் மாற்றலாகாது என்போர் இதை ஆட்சேபிப்பார்கள். அவர்களுடைய சிரத்தையை மதிக்கிறேன், ஆனாலும் இவ்விஷயத்தில் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மரக்கூட்டில் துளையிடாமல், பின்பலகையின் காற்றுத் துவாரம் ஒன்றில் சுவிட்சை அமைத்துவிட்டேன். பகலில் அணைத்து வைக்கிறோம். சூரியன் சாயத் தொடங்கும்போது திறக்கிறோம்.

இனி இவ்வாறு பெட்டி அனுப்ப உத்தேசித்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பின்பலகை, குமிழ்கள், லைசென்ஸ் புத்தகம் ஆகியவற்றைத் தனியே பிரிக்காமல் கூடவே அனுப்புங்கள். ரேடியோ உடைந்து மரக்கூடு மட்டுமே மிஞ்சியிருந்தாலும், அதற்குள் பச்சைக் கண் வால்வு ஒன்று முழுசாக இருக்குமானால், அதைப் பஞ்சில் சுற்றி ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். வேறொரு ரேடியோவுக்கு அது உதவும்.