லட்சுமி யாருடைய படம்?

திருவொற்றியூர்க் கடைகளில் தொங்கும் காலண்டர் லட்சுமிக்குக் கீழே வரைந்தவர் பெயர் இருக்காது. அரிசி மண்டியின் பெயர்தான் இருக்கும். வேர் ரவிவர்மாவிடம். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் சாமிகளை வீடுவீடாகச் சேர்த்தது.

பெங்களூர்க் கலைஞர் என். புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு 2000-2004இல் எடுத்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' புகைப்பட வரிசையில் அந்த லட்சுமியாகத் தானே நிற்கிறார். காப்பிதானேன்னு கேட்கலாம். காப்பிதான்; அவர் அதை ஒளிக்கவேயில்லை. தேவி வேஷத்துக்குள் ஒரு பெண் அசையாமல் நிற்பது நன்றாகவே தெரிகிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒன்று உறுத்துகிறது. படைப்பாளி யார் என்று கேட்கும் படம், கேலரியில் புஷ்பமாலா என்ற பெயரால்தான் மதிப்புப் பெறுகிறது. ஆர்னியின் பெயரையும் போடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் பேச்சில் முதலில் உதிர்வதும் அதுவே. மண்டிக் காலண்டரில் இந்தச் சிக்கலே கிடையாது. வரைந்தவருக்குப் பேரும் கிடையாது.