கேப்பர் மலையும் மேன்டில் அலையும்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போனால் வழி நெடுக தட்டையான நிலம்தான். கடலூரை நெருங்கும்போது மேற்கே ஒரு செம்மண் மேடு தலைகாட்டும். அதுதான் கேப்பர் மலை. ஊட்டிக்காரர்கள் இதை மலை என்றால் சிரிப்பார்கள். ஆனால் புவியியலில் இந்தப் பாறைக்கு நம்ம ஊர் பெயர்தான்: கடலூர் மணற்கல். நெய்வேலி நிலக்கரியும் திருவக்கரை கல்மரங்களும் இதே தொகுதிதான். பொதுவாகச் சொல்லப்படும் வயது மயோசீன், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம்.

ஒரு ஆய்வுக் கட்டுரை படித்ததிலிருந்து இந்த மேடு என்னை விடமாட்டேன் என்கிறது.

2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் தாமஸ் ஜெர்னன் குழு எழுதியது அது. கண்டங்கள் உடையும்போது விளிம்பில் செங்குத்துச் சரிவு உருவாகிறது. சரி, அது தெரிந்ததுதான். ஆனால் விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நிலம் ஏன் பீடபூமியாக உயர்கிறது? அவர்கள் பதில்: உடைப்பு நடந்த இடத்திலிருந்து ஒரு குலைவு, மேன்டிலுக்குள் கண்டத்தின் அடிவேரை ஒட்டியே உள்நோக்கி நகர்கிறது. வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு 15–20 கி.மீ. போகிற வழியில் வேரின் கனமான அடிப்பகுதியைப் பிய்த்துக் கீழே தள்ளுகிறது. மூட்டையை இறக்கிய படகு மேலே எழும்புமே, அதுபோல நிலம் எழும்புகிறது. தென்னாப்பிரிக்கா, பிரேசிலோடு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும் அவர்கள் எடுத்துக்காட்டு. (மேற்குத் தொடர்ச்சி "மலை" என்கிறோம். உண்மையில் அது பீடபூமியின் கிழிந்த ஓரம்.)

அழகான கருத்து. இதே அலையை வைத்து 2023-ல் வைரம் கொண்டுவரும் எரிமலைகளையும் விளக்கினார்கள். ஒரே சாவியில் இரண்டு பூட்டு திறந்தால் எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் சந்தேகமும் வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகள் முன்பு. நம்ம தென்பெண்ணை பிறக்கும் நந்தி மலை மேற்குக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. அலை அங்கே போய்ச் சேர 1.5 முதல் 2 கோடி ஆண்டுகள். அப்படியென்றால் டைனோசர்கள் அழிவதற்கு முன்பே மைசூர் பீடபூமி எழும்பியிருக்க வேண்டும்.

2016-ல் வந்த இரண்டு கட்டுரைகளை இதோடு வைத்துப் படிக்கணும். அனிசெட் போவே குழு, சரிவுக்கு மேலும் கீழும் உள்ள செம்புரைக்கல்லில் மாங்கனீசு கனிமங்களின் வயதை அளந்தது. 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சரிவு ஏறத்தாழ இன்றைய இடத்தில் இருந்தது, அதன்பின் அரிப்பு மிக மெதுவாகத்தான் நடந்தது என்றார்கள். இது ஜெர்னனோடு ஒத்துப்போகிறது. பிரெட் ரிச்சர்ட்ஸ் குழுவோ, ஆறுகளின் சரிவு வடிவத்தை வைத்து, தீபகற்பம் உயர்ந்ததில் பெரும்பங்கு கடந்த 2.5 கோடி ஆண்டுகளில்தான் என்றது. மயோசீன் மணல் கடலூரில் குவிந்த காலமும் அதுவே!

உடனே ரிச்சர்ட்ஸ் பக்கம் சாய்ந்துவிட ஆசை. நானும் ஒரு வாரம் சாய்ந்துதான் கிடந்தேன். ஆனால் மணல் வந்தது என்றால் மலை உயர்ந்தது என்று அர்த்தமில்லை. மழை கூடினாலும் மணல் வரும்.

என் குறையும் இங்கேதான். 1990-லேயே இங்கிலாந்தும் மோல்னாரும் எச்சரித்தார்கள்: பாறை மேலே வெளிப்படுவது வேறு, தரை உயர்வது வேறு. அப்படைட் படிகங்கள் பாறை எப்போது குளிர்ந்தது என்று சொல்லும். மாங்கனீசு எப்போது உளுத்தது என்று சொல்லும். ஆற்று வடிவம், அரிப்பு விதி பற்றிய நம் ஊகத்தைப் பொறுத்துச் சொல்லும். எதுவுமே உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. சர்வர் லாகில் இருப்பது லாக் எழுதப்பட்ட நேரம். பிழை நடந்த நேரம் என்று அதை நம்பி ராத்திரி முழுக்கத் தவறான இடத்தில் தேடியவன் நான். ஜெர்னன் குழு காட்டும் அரிப்பு அலையும் அப்படி ஒரு லாக்தான். "மர்மம் தீர்ந்தது" என்று எழுதிய செய்திகள் இதைச் சொல்லவே இல்லை.

இன்னொன்று. நம்ம பக்கக் கடற்கரை அண்டார்டிகாவிலிருந்து உடைந்தது சுமார் 13 கோடி ஆண்டுகள் முன்பு. அலை மேற்கிலிருந்து மட்டும்தான் வருமா? கிழக்கிலிருந்தும் ஒன்று கிளம்பியிருந்தால் அது நந்தி மலையை முதலில் தொட்டிருக்கும். பிறகு மேற்கு அலை வந்தபோது பிய்த்துப்போட வேர் மிச்சம் இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் தீபகற்பத்தை நல்ல எடுத்துக்காட்டு என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

சாட்சி நம் காலடியில்தான் இருக்கிறது. அரியலூரில் கிரெட்டேசியஸ் படிவுகள், கடலூரில் மயோசீன், இடையில் உள்ளவை காவிரிப் படுகைக்குள் புதைந்து கிடக்கின்றன. எந்தக் காலத்தில் எவ்வளவு மண் இறங்கியது என்று வரிசைப்படுத்தினால் பாதி சண்டை தீரும். பதிப்பிக்கப்பட்ட ஆழ்துளைத் தகவல்களைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். நான் பி.இ. படித்தவன், பாறை படித்தவன் இல்லை. கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.