சிவப்பு மை

எம்.ஏ. மாணவர் ஒருவர் புதுமைப்பித்தன் சிறுகதைகளைப் பற்றி எழுதிய ஆய்வேட்டை, மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, பேராசிரிய நண்பர் ஒருவர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். நான் பட்டம் வாங்கியவனல்ல. கதை எழுதுகிறவன் என்ற உரிமைதான். வாழ்க்கை வரலாறு, பாத்திரப் படைப்பு, உத்தி, சமுதாயப் பார்வை என்று இயல்கள். ஆசிரியர் பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும்! உவமைகளை எண்ணி அட்டவணையும் போட்டிருந்தார். அதற்கெல்லாம் நல்ல மதிப்பெண்.

‘சாப விமோசனம்’ கதையில், சீதை தீப்புகுந்ததை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ‘இந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை’ என்று மாணவர் எழுதிவிட்டார். அவர் கதையைப் படித்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘சொந்த அபிப்பிராயம் வேண்டாம்’ என்று ஓரத்தில் குறித்திருந்தது.

எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. இருந்தாலும் சண்டை போட ஓர் ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டேன். எழுத்துத் திருட்டைப் பிடிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் செய்த விதியில், 10 சதவிகிதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. சொந்தமாக எழுதிய ஒரு வரிக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது போலும்!

“உங்களுக்கு அந்த முடிவு ஒப்புகிறதா?” என்று நண்பரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதையைப் படித்து இருபது வருஷமாயிற்றாம்.