நாளை செய்யப்போகும் பாவத்துக்கு இன்றே மன்னிப்பா?

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் பேச்சு இப்படித் தொடங்கியது. "நான் இப்பல்லாம் பாவ அறிக்கை ஜெபமே செய்யறதில்லை. முன்னாடி செஞ்சது, இப்ப செய்யறது, இனிமே செய்யப்போறது, எல்லாத்தையும் சிலுவையிலேயே மன்னிச்சாச்சு. மறுபடி மன்னிப்பு கேட்டா அது அவநம்பிக்கைதானே?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, "அப்போ பரமண்டல ஜெபத்துல அந்த இடம் வர்றப்ப என்னடா செய்வே, வாயை மூடிக்குவியா?" என்று கேட்டார். நண்பரிடம் பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் நிற்குமா என்று தேடிப்போனபோது எழுதிய குறிப்புகள் இவை.

இந்தப் போதனை இன்று பரவலாகத் தெரியவந்ததற்கு சிங்கப்பூர் போதகர் ஜோசப் பிரின்ஸ் எழுதிய 'டெஸ்டின்ட் டு ரெய்ன்' (2007) போன்ற புத்தகங்கள் முக்கியக் காரணம். எதிர்ப்பும் வந்தது. மைக்கேல் பிரவுன் 2014-ல் 'ஹைப்பர் கிரேஸ்' என்ற தலைப்பிலேயே ஒரு மறுப்பு நூல் எழுதினார். ஆனால் கேள்வி பழசு. 1537-லேயே லூத்தரின் சீடர் யோகான் அக்ரிகோலா, விசுவாசிக்கு நியாயப்பிரமாணம் தேவையில்லை என்று சொல்ல, லூத்தரே அவரை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது.

முதலில் இவர்களுடைய பலமான வாதத்தைப் பார்ப்போம். "கிறிஸ்து மரித்தபோது நம்முடைய எல்லாப் பாவங்களும் எதிர்காலப் பாவங்கள்தான். அவற்றில் பாதியை மட்டும் மன்னித்தார் என்று எப்படிச் சொல்வது?" கேட்டவுடனே சரி என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

கொஞ்சம் நிதானித்தால் ஓட்டை தெரியும். இந்த வாதம் உண்மையானால் நாம் பிறப்பதற்கு முன்பே மன்னிக்கப்பட்டுவிட்டோம். அப்புறம் விசுவாசம் எதற்கு? மனந்திரும்புதல் எதற்கு? இதைச் சொல்கிறவர்களே விசுவாசிக்கும்போதுதான் மன்னிப்பு கிடைக்கிறது என்றும் போதிக்கிறார்கள். அதாவது விலை கொடுக்கப்பட்ட நாளும், அதன் பலன் ஒருவனுக்கு வந்துசேரும் நாளும் வேறு வேறு என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பயிர்க்கடன் தள்ளுபடியை நினைத்துக்கொள்ளுங்கள். அரசாணை ஒருநாள் வரும். கூட்டுறவுச் சங்கப் பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே கடன் அடிக்கப்படுவது இன்னொரு நாள். நிதி முழுவதும் ஒதுக்கியாகிவிட்டது என்பதால், இன்னும் வாங்காத கடனும் பேரேட்டில் அடிபட்டுவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். உவமைக்கு எல்லை உண்டு, ஆனாலும் விஷயம் புரியும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது 1 யோவான் 1:9. பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிற வசனம். இது விசுவாசிகளுக்கு எழுதப்படவில்லை, சபைக்குள் நுழைந்திருந்த ஞானவாதிகளுக்கு எழுதப்பட்டது என்பது பிரின்ஸின் விளக்கம். ஆனால் அந்த வசனத்தில் வருவது 'நாம்'. யோவான் தன்னையும் சேர்த்தே பேசுகிறார். இரண்டு வசனம் தள்ளி, 2:1-ல், பிள்ளைகளே என்று கூப்பிட்டு, ஒருவன் பாவம் செய்தால் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்கிறார். நடுவில் ஆட்கள் மாறியதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இதில் சுவாரசியம் என்னவென்றால், அதே கடிதத்தில் 2:12-ல், உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டாயிற்று என்றும் எழுதுகிறார். கிரேக்கத்தில் அது முடிந்து நிலைத்திருக்கிற செயலைக் காட்டும் வினைவடிவம். 'மன்னிக்கப்பட்டாயிற்று' என்பதும் 'அறிக்கையிட்டு மன்னிப்பு பெறு' என்பதும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. யோவானுக்கு முரண்பாடாகத் தெரியாதது நமக்கு ஏன் தெரிகிறது?

எதிர்த் தரப்பும் தப்பு செய்யாமல் இல்லை. கடந்தகாலப் பாவம் மட்டும்தான் மன்னிக்கப்படுகிறது என்று காட்ட ரோமர் 3:25-ஐ எடுப்பார்கள். அங்கே பேசப்படுவது கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தில், தேவன் பொறுத்துக்கொண்டிருந்த யுகத்தில் நடந்த பாவங்கள். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பே 'முற்காலத்தில்' என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு உருப்படியாக உதவும் வசனம் 2 பேதுரு 1:9தான்.

சரித்திரத்தில் பார்த்தால் ஆதி சபையின் பிரச்சினை நேர் எதிரானது. ஞானஸ்நானம் அதுவரை செய்த பாவங்களைக் கழுவும், சரி, அதற்குப் பிறகு செய்தால்? இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்றது 'ஹெர்மாஸின் மேய்ப்பன்'. தெர்த்துல்லியனும் மனந்திரும்புதலைப் பற்றிய நூலில் அதையே சொன்னார். இந்தப் பயத்தில் பலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள். பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைப் பெற்றது 337-ல், சாவதற்குச் சற்று முன்னால். பிறகு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கம் வளர்ந்து, 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது அது கட்டாயம் என்றது.

சீர்திருத்தத் தரப்பில் எனக்குத் தெளிவாகப் பட்டது 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 11-ஆம் அதிகாரம். நீதிமானாக்கப்பட்டவன் அந்த நிலையிலிருந்து விழுவதில்லை. ஆனாலும் அவனுடைய பாவங்களைத் தேவன் தொடர்ந்து மன்னித்துவருகிறார். பாவம் செய்தால் தகப்பனுடைய வருத்தத்துக்கு ஆளாவான், தாழ்ந்து அறிக்கையிட்டு மன்னிப்பு கேட்கும்வரை அந்த முகத்தின் ஒளி அவனுக்குத் திரும்பாது. நீதிபதி முன்னால் வழக்கு முடிந்தது, அப்பா முன்னால் பேச்சு முடியவில்லை. மகன் என்கிற உறவு போகாது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. கத்தோலிக்கரும் வெஸ்லி வழி வந்தவர்களும், அந்த நிலையையே இழக்கமுடியும் என்று இதை மறுப்பார்கள். எபிரெயர் 10:26 அவர்கள் பக்கம் கனமாகவே நிற்கிறது.

இந்தப் போதனையால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பாவத்தை அறிக்கையிட மறந்து தூக்கத்திலேயே செத்துப்போனால் நரகமா என்று சின்ன வயசிலிருந்து பயந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது மூச்சு விட இடம் கொடுத்தது. அந்த ஆறுதலைக் கேலி செய்யக்கூடாது.

என் உறுத்தல் வேறு. 'எல்லாம் மன்னிச்சாச்சு' என்ற வாக்கியத்தில் தேவனும் நானும் மட்டும்தான் இருக்கிறோம். என்னால் அடிபட்டவர் எங்கே? மத்தேயு 5-ல் காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறார் இயேசு. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறான். மத்தேயு 18-ல் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன், நூறு வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவன் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா தான் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். எதிர்கால மன்னிப்பை ஏற்கெனவே முடிந்துபோன கணக்காகச் சொல்கிறவர்கள் பதில் சொல்லவேண்டிய உவமை இது.

இப்போது அந்த அம்மாவின் கேள்வி. "அந்த ஜெபம் சிலுவைக்கு முன்னாடி சொல்லிக்கொடுத்தது, நமக்கு இல்லை" என்பதுதான் நண்பரின் பதில். ஆனால் மத்தேயு அதை எழுதியது சிலுவைக்குப் பல வருடங்கள் கழித்து, சபைக்காக. ஆதி சபையின் கையேடான 'டிடாக்கே' அதன் 8-ஆம் அதிகாரத்தில் இந்த ஜெபத்தைத் தினமும் மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. சிலுவைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள்தான் அவர்களும். தங்களுக்கு இல்லாத ஜெபம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு ராத்திரி ஜெபத்துக்குப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.