எடை சரி, மருந்து சரியா?

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றியுள்ள பார்மசிகளில் செற்றிரிசின் கேட்டாலும் கிடைக்கும், லீவோசெற்றிரிசின் கேட்டாலும் கிடைக்கும். வெள்ளவத்தை காலி வீதியிலும் அப்படித்தான். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் உண்டு, எசோமெப்ரசோலும் உண்டு. கிருமித் தொற்றுக்கு ஒஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின். இந்தச் சோடிகள் ஒவ்வொன்றிலும் அணுக்கள் ஒன்றே, அவை பிணைந்திருக்கும் ஒழுங்கும் ஒன்றே. முதலாவது குளிசையில் ஒரு மூலக்கூறும் அதன் ஆடி விம்பமும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் அந்த இரண்டில் ஒன்று மட்டும் இருக்கிறது, அல்லது இருக்கவேண்டும்.

அந்த ‘இருக்கவேண்டும்’ என்பதை உறுதிசெய்யும் பொறுப்பு திரவ நிறப்பகுப்பு முறையிடம், ஆய்வுகூடத்தார் எச்பிஎல்சி என்று அழைக்கும் கருவியிடம், விடப்பட்டிருக்கிறது. மருந்துப் பகுப்பாய்வில் இதற்கு நிகரான வேறொரு பொதுக் கருவி இன்றில்லை. ஆனாலும் அதன் செலவும் பலவீனங்களும், அதன் பேரில் நடக்கும் வியாபாரமும், மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இலங்கை போன்ற நாட்டை நேரடியாகப் பாதிக்கின்றன.

வலக்கைக்கு வெட்டிய கையுறை இடக்கைக்குப் பொருந்தாதது போல, உடலின் புரதங்களும் கிருமியின் நொதியங்களும் இரண்டு வடிவங்களில் ஒன்றையே நன்றாகப் பிடிக்கின்றன. ஒஃப்ளொக்சசினின் இரு வடிவங்களான ‘ஆர்’, ‘எஸ்’ என்பவற்றில் ‘எஸ்’ வடிவம்தான் லீவோஃப்ளொக்சசின். பல கிருமிகளுக்கு எதிராக அது தன் விம்பத்தைவிட 8 முதல் 128 மடங்கு வரை வலிமையானது. பிறஷர் குளிசையான அம்லோடிபினிலும் இதே கதை. இரத்தக் குழாயைத் தளர்த்தும் வேலையை ஏறத்தாழ முழுவதுமாக எஸ் வடிவமே செய்கிறது. இந்தியாவில் எஸ்-அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் குளிசை, சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்கு ஈடாக விற்கப்படுகிறது.

இப்போது ஓர் ஆபத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘எஸ்-அம்லோடிபின் 2.5’ என்று அச்சிட்ட குளிசைக்குள் மலிவான சரிபாதிக் கலவை 2.5 மில்லிகிராம் இருந்தால் என்ன ஆகும்? வழக்கமான ஆய்வு அதை நூற்றுக்கு நூறு சரியென்று சொல்லும். நோயாளிக்குக் கிடைப்பதோ 1.25 மில்லிகிராம். லீவோஃப்ளொக்சசினுக்குப் பதில் அதே எடை ஒஃப்ளொக்சசின் இருந்தாலும் அறிக்கை பிழையில்லாமல்தான் வரும். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் லீவோஃப்ளொக்சசினும் ஒன்று. அங்கே அரைவாசி அளவு கொடுப்பது, மிஞ்சும் கிருமியை வளர விடுவதாகும்.

வழக்கமான ஆய்வு ஏன் ஏமாறுகிறது? எச்பிஎல்சியில் மருந்துக் கரைசலை உயர் அழுத்தத்தில் ஓர் உருக்குக் குழாயினூடாகத் தள்ளுகிறார்கள். கொலம் எனப்படும் அந்தக் குழாய்க்குள் நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகள் அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொருளும் அவற்றில் வேறுவேறு நேரம் ஒட்டி நின்று வெளியே வரும். வரும் நேரம் பொருளின் அடையாளம்; கணினித் திரையில் எழும் பீக்கின் பரப்பு அதன் அளவு. ஆடி விம்பச் சோடிக்குக் கரைதிறன், உருகுநிலை, சிலிக்கா மீதான ஒட்டுதல் எல்லாம் ஒன்றே என்பதால், சி18 எனப்படும் சாதாரண வகைக் கொலத்தில் இரண்டும் ஒரே பீக்காகவே வரும். அவற்றைப் பிரிக்க, கொலத்துக்குள்ளும் ‘கை’யுள்ள ஒரு பொருள் வேண்டும். ஒரு வடிவம் அதனோடு சற்று நெருங்கிப் பொருந்தும், மற்றது சற்று விலகி நிற்கும்.

அந்தச் ‘சற்று’ மிகச் சிறியது. இரு வடிவங்களும் கொலத்தில் தங்கும் நேரங்களின் விகிதம் 1.1 என்றால், அதன் பின்னாலுள்ள சக்தி வேறுபாடு மோலுக்கு 0.24 கிலோயூல் அளவுதான். ஒரு சாதாரண ஐதரசன் பிணைப்பின் சக்தியோ 20 கிலோயூலை ஒட்டியது. நூறில் ஒரு பங்கான இந்த வேறுபாட்டைக் கொலம் ஆயிரக்கணக்கான தடவை ஒட்டி விடுவித்துப் பெருக்கிக் காட்டுகிறது. இந்த முறையின் மேன்மை இதில்தான் இருக்கிறது.

பழைய வழி ஒன்று உண்டு: முனைவாக்கிய ஒளியின் தளத்தை மருந்து எவ்வளவு திருப்புகிறது என்று அளப்பது. கருவி மலிவு, செய்வதும் சுலபம். ஆனால் குளிசையில் நிரப்பியாகச் சேர்க்கும் இலக்டோசும் ஒளியைத் திருப்பும். நூற்றில் ஒரு பங்கு தவறான வடிவம் கலந்திருப்பதையும் அந்த அளவீடு பெரும்பாலும் தவறவிடும். கொலமோ நிரப்பியை ஒதுக்கிவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கையும் தனிப் பீக்காக நிறுத்திக் காட்ட வல்லது.

இதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. 1848இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு தாத்தரேற்று உப்பின் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் இடது, வலது என்று கையாலேயே பிரித்தெடுத்தார். அந்த உப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் கீழேதான் அப்படித் தனித்தனிப் பளிங்குகளாக உறையும். கொழும்பின் பகல் வெயிலில் அவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு வாய்த்திராது. கொலத்துக்குள் இந்தப் பிரிப்பைக் கொண்டுவந்த பெருமை பலருக்கு உரியது: மொஸ்கோவின் வாதிம் தவன்கோவ், இலினோயின் வில்லியம் பெர்கில், யப்பானின் யோஷியோ ஒகமொட்டோ. ஒகமொட்டோ குழுவினர் செலுலோசையும், மாப்பொருளிலுள்ள அமைலோசையும் சற்று மாற்றிச் சிலிக்கா மீது பூசினார்கள். இன்று உலக ஆய்வுகூடங்களில் அதிகம் புழங்கும் வகை அதுவே. அவருக்கு 2019இல் யப்பான் பரிசு கிடைத்தது.

இனிக் குறைகள். முதற்குறை, எந்த மூலக்கூறை எந்தக் கொலம் பிரிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் நம்பகமான வழி இல்லை. செலுலோசுக் கொலம் ஒன்று, அமைலோசுக் கொலம் ஒன்று, வன்கோமைசின் பிணைத்த கொலம் ஒன்று என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பிரிந்த பிறகுதான் காரணம் தேடப்படுகிறது. கரைப்பானில் ஐசோபுரொப்பனோலுக்குப் பதில் எதனோல் சேர்த்தால் சில மருந்துகளில் எது முதலில் வரும் என்ற ஒழுங்கே தலைகீழாகிவிடும். மருந்தின் பெரிய பீக்கின் வால் நீண்டுகிடக்கும்போது, தவறான வடிவத்தின் சின்னப் பீக் அதற்குப் பின்னால் வந்தால் அந்த வாலுக்குள் புதைந்துபோகும். வேண்டாதது முன்னே வரும்படி முறையை அமைப்பவரே தேர்ந்த பகுப்பாய்வாளர். அனுபவமில்லாத கையில் இதே கருவி, இல்லாத தூய்மைக்குச் சான்று எழுதிக் கொடுத்துவிடும்.

வெப்பநிலையும் விளையாடுகிறது. பெரும்பாலான கொலங்களில் சூடு ஏற ஏறப் பிரிவு குறையும். மின்வெட்டு, குளிரூட்டி, கொலத்தை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் பெட்டி எல்லாமே முடிவைத் தொடும்.

செலவு இன்னொரு பக்கம். இந்தக் கொலங்கள் சி18ஐவிடப் பல மடங்கு விலை. பூச்சு வகைக் கொலத்துக்குள் தவறுதலாகக் குளோரோபோமோ அசிற்றோனோ போனால் பூச்சுக் கரைந்து, கொலம் அதோடு முடிந்தது. சிலிக்காவோடு பிணைத்த வகை தாங்கும், விலையும் கூடும். கொலம், ஹெக்சேன், அசிற்றோநைத்திரைல், ஒப்பிடுவதற்கான தூய மாதிரிகள் எல்லாம் டொலரில் வருபவை. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே நாடு தவித்தது. அப்படியான ஆண்டில் ஆய்வுகூடத்தின் பட்டியல் எவ்வளவு பின்னுக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த முறையின் பெயரால் பரவிய ஒரு கதையையும் திருத்த வேண்டியிருக்கிறது. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்ததால் 1961இல் மீளப்பெறப்பட்ட தலிடோமைட் மருந்தின் ஒரு வடிவம் மட்டுமே கேடு விளைவித்தது, பிரித்துக் கொடுத்திருந்தால் குழந்தைகள் தப்பியிருப்பார்கள் என்று பாடநூல்களிலும் எழுதுகிறார்கள். அந்த எண்ணத்துக்கு வலுவூட்டியது கொட்ஃபிரீட் பிளாஷ்கே குழுவினர் 1979இல் நிறப்பகுப்பால் பிரித்துச் செய்த விலங்குச் சோதனை. பின்னர் 1995இல் சுவீடன் ஆய்வாளர்கள் அதே நிறப்பகுப்பைக் கொண்டு மனித இரத்தத்தை அளந்து, எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் உடலுக்குள் அது மற்றதாக மாறிவிடுகிறது என்று காட்டினார்கள். பிரித்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. இபுபுரோஃபெனிலும் வேலை செய்யாத ஆர் வடிவத்தின் பெரும்பகுதியை உடலே எஸ் வடிவமாக மாற்றிக்கொள்கிறது. கொலத்தில் பிரிவது உடலிலும் பிரிந்தே நிற்கும் என்று எடுத்துக்கொள்வது தவறு.

சந்தை இந்தத் தவறிலிருந்து இலாபம் பார்த்தது. ஒமெப்ரசோலின் கைத்தன்மை, அதாவது ஆடி விம்பச் சோடியாக அமையும் இயல்பு, காபனில் அல்ல, கந்தக அணுவில் இருக்கிறது. வயிற்றின் அமிலம் சுரக்கும் கலங்களுக்குள் போனதும் இரு வடிவங்களும் கைத்தன்மை இல்லாத ஒரே பொருளாக மாறி, அதன் பிறகே வேலை செய்கின்றன. எசோமெப்ரசோலின் மேன்மை ஈரல் அதை மெதுவாக அழிப்பதில்தான் இருக்கிறது. பழைய மருந்தின் காப்புரிமை முடியும் தறுவாயில், 2000ஆம் ஆண்டில், அது சந்தைக்கு வந்தது. அதன் 40 மில்லிகிராமைப் பழையதன் 20 மில்லிகிராமோடு ஒப்பிட்ட சோதனைகள் விளம்பரத்துக்கு உதவின. இதைக் கூடுதல் விலைகொடுத்து வாங்கும் நோயாளிக்கு அந்த விலைக்கேற்ற பயன் கிடைப்பதில்லை. லீவோஃப்ளொக்சசினை இதே தட்டில் வைப்பதும் நியாயமல்ல. அங்கே பிரிப்பு உண்மையாகவே வலிமை கூட்டியது.

1971இல் இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராக இருந்து தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் எண்ணம், தேவையான மருந்தை மட்டும், அதன் பொதுப் பெயரில், நியாய விலைக்கு வாங்குவது. அந்த அளவுகோல் இங்கேயும் பொருந்தும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. ஆனாலும் 2023இல் போலி இம்யூனோகுளோபுலின் அரச வைத்தியசாலைகளுக்குள் வந்தது அம்பலமானபோது, குப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற அடிப்படைக் கேள்வியே விடையின்றி நின்றது. அந்த அடிப்படையைச் சரிசெய்யாமல் ஆடி விம்பத்தைத் தேடுவது ஏன் என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. ஆனால் லீவோ, எஸ், டெக்ஸ் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்கும் மருந்துகளில் வடிவமும் அதே அடிப்படைக் கேள்விதான்.

எல்லா மருந்துக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. சரிபாதிக் கலவையாகவே விற்கும் சல்பியூற்றமோலுக்கும் அற்றினலோலுக்கும் அது வீண்செலவு. ஒற்றை வடிவம் என்று பதிவுசெய்யும் மருந்துக்கு மட்டும், அதுவும் தவறான வடிவத்தால் சிகிச்சையே கெடக்கூடியதற்கு, இறக்குமதியாளர் கொடுக்கும் தாளை மட்டும் நம்பாமல் கொழும்பிலேயே மாதிரி எடுத்துப் பார்க்கவேண்டும். தொடக்கத்துக்கு விலைகூடிய கொலம்கூட வேண்டாம். லீவோஃப்ளொக்சசினைச் சாதாரண சி18 கொலத்திலேயே, கரைப்பானில் செப்பு சல்பேற்றும் ‘கை’யுள்ள ஓர் அமினோவமிலமும் சேர்த்துப் பிரிக்கலாம். தவன்கோவ் காட்டிய தத்துவம்தான் அது. செப்பு ஊதாக் கடந்த ஒளியை உறிஞ்சுவதால் அடிக்கோடு சற்று ஆடும். வேலை முடிந்ததும் கொலத்தை நன்றாகக் கழுவவும் வேண்டும். காசநோய்க்கென்று அரசு கொள்வனவு செய்யும் லீவோஃப்ளொக்சசினில் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியையேனும் இந்த வழியில் பார்ப்பது, சாதாரண எச்பிஎல்சியும் பயிற்சி பெற்ற ஒருவரும் உள்ள எந்த ஆய்வுகூடத்துக்கும் இயலும்.