வீணைக் குதிரை: தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும்

வீணை வாங்கப் போகிறவர்கள் பலாமரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். யாளி முகத்தை ரசிப்பார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கவனிப்பவர்கள் குறைவு. தந்தியின் அதிர்வு குடத்துக்குள் இறங்குவதோ அதன் வழியாகத்தான்.

மரக் குதிரையின் தலையில் ஓர் உலோகத் தட்டைப் பிசினால் பதித்திருப்பார்கள். தட்டின் முதுகில் மிக மெல்லிய வளைவு இருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவை உரசி விலகுவதால் மேல்சுரங்கள் செழிக்கின்றன. மீட்டும் இடத்தைப் பொறுத்து ஒலிக்கவே கூடாத மேல்சுரங்கள்கூட வீணையிலும் தம்புராவிலும் கேட்பதற்குக் குதிரையின் அமைப்பே காரணம் என்று 1921இல் சி.வி. ராமன் எழுதினார்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு, செய்பவரே வைத்தியர். தட்டைச் சூடாக்கிப் பிசினை இளக்குவார். தட்டை மயிரிழை சாய்த்து, முதல் தந்தியான சாரணியை மீட்டுவார். கரகரத்தால் நுண்ணிய அரத்தால் லேசாக ஒரு தேய்ப்பு. நாதம் மங்கினால் மறுபடி சாய்வை மாற்றுவார். நான்கு தந்திகளும் ஒரே குணத்தில் பேசும்வரை விடமாட்டார். வாசிப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தால், அவர் கைக்கேற்ற உயரமும் அங்கேயே அமைந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் வீணை கற்பவர்களுக்குக் குறைவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தோற்றுகிறார்கள். வாத்தியம் மட்டும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வருகிறது. செய்தவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். குதிரையைப் பிடித்து நிறுத்துவது தந்திகளின் அழுத்தமே. பயணத்துக்காகத் தந்திகளைத் தளர்த்தினால் அது நகரக்கூடும். திரும்ப நிறுத்தும்போது இடம் சற்று மாறினாலும், மேளம் கட்டிய, அதாவது சுரத்துக்கேற்ற இடத்தில் பதித்த, மெட்டுகளில் சுரம் பிசகும். அப்போது பிள்ளை தன் விரலைத்தான் நொந்துகொள்ளும்.

தம்புராவில் இந்தச் சிக்கல் இல்லை. தந்திக்கும் குதிரைக்கும் இடையிலுள்ள ஜீவா நூலை இழுத்தும் தள்ளியும் நாதம் பிடிக்க இரு கரையிலும் பாடகர்களே அறிவார்கள். ஆகவே காது யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது; குறைவது கைப்பழக்கம்தான்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. தஞ்சை ஆசாரிமாரை அழைத்து யாழ்ப்பாணத்தில் பட்டறை நடத்துவது இன்று எட்டாத காரியம் அல்ல. வீணைப் பாடத்திட்டத்தில் குதிரை நிறுத்துவதையும் தட்டுச் சரிசெய்வதையும் சேர்க்க வேண்டும். இசை ஆசிரியர்கள் இதை முன்னின்று கேட்க வேண்டும்.