மணிலா அட்டையில் அறிவியல்

பேராக் மாநிலத்தின் சிலிம் ரிவர் பட்டணத்துக்கு அருகே, உலு சிலிமில், கொதிநிலையை எட்டும் சூட்டில் வெந்நீர் ஊற்றெடுக்கிறது. மலேசியாவிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் மிகச் சூடானவற்றுள் இதுவும் ஒன்று. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, மத்திய மலைத்தொடரின் கருங்கல் பாறைகளுக்கிடையே சூடேறி, மறுபடி மேலே வருகிறது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கிடையே ‘பூமியின் வெப்பம்’ என்னும் தலைப்பில் ஓர் அறிவியல் சுவரொட்டிப் போட்டி வைத்தால், பிள்ளைகளின் கை முதலில் வரையத் துணிவது செங்குழம்பு கக்கும் எரிமலையைத்தான். வீட்டிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் இருக்கும் ஊற்று அட்டையில் இடம்பெறுவது அரிது. இதற்காகப் பிள்ளையைக் குறை சொல்வது நியாயமாகாது. போட்டியின் விதிகள் கேட்டது கண்ணைக் கவரும் ஒரு படத்தை. அதைப் பிள்ளை கொடுத்துவிட்டது. குறையை விதிகளில்தான் தேட வேண்டும். பள்ளிதோறும், மாவட்டந்தோறும் நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இந்தப் போட்டிகள் அறிவியலுக்கு என்ன செய்கின்றன, எதைச் செய்யாமல் விடுகின்றன என்று நிதானமாக எடைபோடுவது, அவற்றை நடத்தும் ஆசிரியர்களின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

முதலில் நிறைகள். அறிவியலின் பெயரால் நடக்கும் போட்டிகளில் செலவு மிகக் குறைந்தது சுவரொட்டிப் போட்டி. ரோபோட் போட்டிக்குக் கருவி வேண்டும், பயிற்றுநர் வேண்டும், வெளியூர் போய்வர வண்டி வேண்டும். சுவரொட்டிக்கு ஒரு மணிலா அட்டையும் வண்ணப் பென்சில்களும் போதும். பேராக்கின் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டங்களில் தோன்றியவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்துக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தன; சில பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கியது. ஆனாலும், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே உள்ள பள்ளியும் பெரிய நகரப் பள்ளியோடு சமமாக நிற்கக்கூடிய களம் இது. மொழி சார்ந்த பயனும் உண்டு. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. அந்தக் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் வந்தது. இந்த ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பிள்ளை தன் கையால் ‘ஆவியாதல்’, ‘மகரந்தச் சேர்க்கை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, படத்தோடு பொருத்தி, ஊர் பார்க்கச் சுவரில் மாட்டுவது சிறிய காரியமில்லை. அறிவியல் தன் மொழியிலும் பேசும் என்ற துணிவை அது தருகிறது.

இன்னொரு நிறை இதைவிட ஆழமானது. வரைவதும் சிந்திக்கும் முறைகளில் ஒன்று. 1837-இல் சார்லஸ் டார்வின் தம் குறிப்பேட்டில் கிளை விடும் ஒரு மரத்தைக் கோட்டோவியமாகக் கிறுக்கினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது அதற்கு 22 ஆண்டுகளுக்குப் பிறகு. ஷாரன் ஐன்ஸ்வொர்த், வாகன் பிரெய்ன், ரஸல் டைட்லர் ஆகிய மூவரும் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, படிப்பதும் எழுதுவதும் போல வரைவதற்கும் அறிவியல் கல்வியில் உரிய இடம் வேண்டும் என்று வாதிட்டது. இதில் நியாயம் இருக்கிறது. ஏடிஸ் கொசுவை வரைய உட்காரும் பிள்ளை, அதன் காலில் வெள்ளைப் பட்டைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று உற்றுப் பார்த்தே தீரவேண்டும். வாயால் ஒப்பித்து ஏமாற்றிவிடலாம்; கோடு ஏமாற்றவிடாது. ஆகவே சுவரொட்டிப் போட்டியே வேண்டாம் என்பவரோடு உடன்பட முடியாது.

குறை தொடங்குவது, வரைதலின் இந்த வலிமையைப் போட்டி பயன்படுத்தாமல் விடும் இடத்தில். நம் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திட்டம் பன்னிரண்டு அறிவியல் செயற்பாங்குத் திறன்களை வகுத்திருக்கிறது. உற்றறிதலில் தொடங்கி, வகைப்படுத்துதல், அளவெடுத்தல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், சோதனை செய்தல் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஒன்று தொடர்பு கொள்ளுதல். வழக்கமான சுவரொட்டிப் போட்டியின் மதிப்பெண் தாளில் இருப்பவை கருப்பொருள், படைப்பாற்றல், வண்ணம், நேர்த்தி. அதாவது பன்னிரண்டில் ஒரே ஒரு திறனுக்குத்தான் அங்கே மதிப்பெண். மற்ற பதினொன்றையும் ஒருமுறைகூடத் தொடாத பிள்ளையும் முதல் பரிசு பெறலாம். ஊற்றுக்குப் போய்ப் பார்த்து, நீர் ஆறும் வேகத்தை வெப்பமானியால் அளந்து, அதைக் கோணல்மாணலாக வரைந்த பிள்ளை ஆறுதல் பரிசோடு திரும்பலாம். பிள்ளைகள் கூர்மையானவர்கள். எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதுதான் அறிவியல் என்று ஒரே போட்டியில் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வேர், சுவரொட்டி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகைகள் ஒளிந்திருப்பதுதான். ஒன்று பிரசாரச் சுவரொட்டி. ‘டிங்கியை ஒழிப்போம்’, ‘ஆற்றைக் காப்போம்’ என்பவை அந்த வகை. அவை தெருவில் போகிறவரை நிறுத்தி ஒரு செய்தியை மனத்தில் பதிக்கவேண்டும். கேள்விக்கு அங்கே இடமில்லை. மற்றொன்று ஆய்வுச் சுவரொட்டி. அறிவியல் மாநாடுகளில் 1970-களில் பரவிய வழக்கம் அது. எல்லாரும் மேடையேறிப் பேச நேரம் போதாததால், ஆய்வாளர் தம் கேள்வியையும் முறையையும் முடிவையும் ஒரு தாளில் அடுக்கி, அதன் பக்கத்தில் நின்று, வருகிறவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். அங்கே தாள் உரையாடலுக்கு விரிக்கப்பட்ட பாய். நம் பள்ளிப் போட்டிகள் பெயரை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொண்டு, முதலாவதை நடத்துகின்றன. டிங்கிச் சுவரொட்டி சமூகத்துக்குத் தேவை. அதைச் சுகாதாரப் போட்டியாக நடத்தலாம். தேங்கிய நீரில் கொசுப்புழு வளர எத்தனை நாளாகிறது என்று பார்த்து எழுதினால்தான் அதற்கு அறிவியல் என்ற பெயர் பொருந்தும்.

பரிசு என்பதையும் சற்றுக் கூர்ந்து பார்க்கவேண்டும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் மூன்று முதல் ஐந்து வயதுவரையான, வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தனர். வரைந்தால் விருதுச் சான்றிதழ் உண்டு என்று ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகள் வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குன்றவில்லை. மழலையர் வகுப்பில் கண்டதைப் பெரிய பிள்ளைகள்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாதுதான். ஆனாலும் பரிசை முன்னால் தொங்கவிட்டு ஆர்வத்தை வளர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையை அது அசைக்கிறது. இன்னொரு சான்று டேவிட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வு. விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னபோது, 4,807 பிள்ளைகளில் பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். வெறுமனே ‘வரை’ என்றால் பிள்ளை தன் மனத்தில் ஏற்கெனவே படிந்திருக்கும் படத்தையே இறக்கிவைக்கும் என்பதற்கு இது சாட்சி. பழைய படிவம் மாறவேண்டுமானால், வரைவதற்குமுன் நேரில் பார்க்க ஏதேனும் ஒன்று வேண்டும்.

அப்படிப் பார்க்கவைக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்காக அஸ்தி அமைப்பு நடத்திவரும் இளம் மாணவர் அறிவியல் விழாவில், பிள்ளைகள் குழுவாக ஒரு சோதனையைச் செய்து, அதைப் பலகையில் விளக்கி நடுவர்முன் நிற்கிறார்கள். இந்தியாவில் 1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் ஊர் ஊராகக் கொண்டுசென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, வழிகாட்டி ஆசிரியரோடு கள ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே அறிக்கையும் விளக்கத் தாள்களும் தயாரிக்கிறார்கள். இந்த இரண்டிலும் அட்டை உண்டு, வண்ணம் உண்டு. ஆனால் அவை தேடலுக்குப் பிறகு வருகின்றன. சுவரொட்டி கடைசிப் படியாக நிற்கும்போது அது அறிவியலைச் சுமக்கிறது. அதுவே முதல் படியும் கடைசிப் படியும் ஆகும்போது ஓவியப் போட்டியாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த வரிசையைப் பற்றியதுதான்.

இதற்கு மறுப்புகள் வரும். சிறு பிள்ளைகளிடம் ஆய்வைக் கேட்பது சுமை, முதலில் ஆசை பிறக்கட்டும் என்பது ஒன்று. ஆசிய பசிபிக் விண்வெளி அமைப்புகளின் மன்றம் 8 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நடத்தும் சுவரொட்டிப் போட்டியை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்கே கற்பனைக்குத்தான் முதலிடம். விண்வெளியைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல முடியாது. அத்தகைய தலைப்புகளில் கற்பனை ஓவியத்துக்கு முழு இடம் இருக்கட்டும். ஆனால் நீர், மண், பூச்சி, வெப்பம் போன்றவை பிள்ளையின் காலடியிலேயே கிடக்கும்போது, பார்க்காமலே வரையச் சொல்வது சலுகை ஆகாது. அது ஒரு வாய்ப்பைப் பறிப்பது. உற்றறிதல் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்படும் திறன். பார்த்ததை வரை என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்பதில் சுமை எதுவும் இல்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறை பற்றியது. நூற்றுக்கணக்கான அட்டைகள் வந்து குவியும்போது ஒவ்வொரு பிள்ளையோடும் பேச ஆசிரியர்களுக்கு நேரம் ஏது? அதோடு, பேச்சை மதிப்பிட்டால் கூச்சமுள்ள பிள்ளை பின்தங்கிவிடுமே? இரண்டும் கனமான கேள்விகள். எல்லாரோடும் பேச வேண்டியதில்லை; இறுதிச் சுற்றுக்கு வரும் பத்துப் பேரோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். மற்ற எல்லாருக்கும் அட்டையின் பின்புறத்தில் நான்கு வரி கேட்கலாம்: நான் கேட்ட கேள்வி என்ன, எங்கே எப்படிப் பார்த்தேன், என்ன கண்டேன், இன்னும் எது விளங்கவில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த நான்கு வரியே நாக்கு. மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பின்புறத்துக்கு ஒதுக்கினால், நல்ல ஓவியக் கையும் நல்ல கேள்வியும் சமமாக நிற்கும். கேன்வா போன்ற செயலிகளும் படம் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவும் வீடுகளுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் இது இன்னும் அவசரமாகிறது. முன்புறத்தை எந்தக் கருவியும் சில நொடிகளில் பளபளப்பாக்கித் தந்துவிடும். சிலிம் ஆற்றங்கரையில் நின்று பார்த்ததை அந்தக் கருவி தர முடியாது.

மூன்றாவது மறுப்பு நம் சமூகத்தின் மனத்துக்கு நெருக்கமானது. தமிழ்ப்பள்ளிகளுக்குக் கோப்பையும் சான்றிதழும் வேண்டும். அவை பெற்றோரின் நம்பிக்கையை வளர்க்கின்றன. பிள்ளையின் புறப்பாடக் கோப்புக்கும் பயன்படுகின்றன. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பின்தங்கியவர்கள் என்று பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்ட ஒரு சமூகத்துக்கு, மேடையில் தன் பிள்ளை நிற்பது பெரிய மருந்து. ஆனால் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் பிள்ளையைத் தாங்கப்போவது, தனக்கு ஒரு கேள்வியைக் கேட்டு விடை தேடத் தெரியும் என்ற நம்பிக்கை. 60 விழுக்காட்டு மாணவர்கள் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் சேரவேண்டும் என்ற இலக்கு 1960-களின் இறுதியில் வகுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் நாடு அதை எட்டவில்லை. விழாக்களும் வாரங்களும் போட்டிகளும் இந்த நாட்டில் குறைவாக இருந்ததில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இருப்பவற்றின் உள்ளடக்கத்தை மாற்றுவதுதான் வழி என்பதை இதிலிருந்து படிக்கலாம்.

மாற்றுவதற்குச் சிலிம் ரிவர் வட்டாரத்தைவிட நல்ல இடம் வேண்டுமா? சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டு கொண்டுவரப்படும்வரை, செம்பனைப் பூக்களுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவவேண்டியிருந்தது. இன்று ஆண் பாளையைத் தட்டினால் உதிரும் அந்த வண்டுகளைப் பிள்ளைகள் எண்ணலாம். அந்த வேலையைச் செய்த பாட்டிமார் ஊரில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதலாம். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகை ஆந்தைகள் இருக்கின்றன. பால்மரம் மிஞ்சியிருக்கும் இடத்தில், ரப்பர்ப் பாலில் அமிலம் கலந்தால் அது ஏன் உறைகிறது என்ற கேள்வி இருக்கிறது. உலு சிலிமில் ஊற்று இருக்கிறது. பக்கத்துத் தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆசிரியராகப் படிப்பவர்கள் நடுவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வந்தால் இரு பக்கமும் பயன்பெறும். 2016-இல் தனி மாவட்டமான இந்தப் பகுதிக்கு முஅல்லிம் என்று பெயர். அரபு மொழியில் ஆசிரியர் என்று அதற்குப் பொருள். ஆகவே அடுத்த போட்டிக்கு அறிவிப்பு எழுத உட்காரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: அட்டையின் அளவையும் வண்ணத்தையும் குறிப்பிடும் வரிக்கு மேலே, ‘உங்கள் ஊரில் நீங்களே போய்ப் பார்த்த ஒன்றைப் பற்றி’ என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.